விதைப் பானை முதல் விதைப் பை வரை



ஆடி மாசமும் புரட்டாசி மாசமும் வந்தால் நம்ம குழுக்களில் கடன் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். எதுக்கு என்று கேட்டால் நிறையப் பேர் விதைக்கு என்றுதான் சொல்வாங்க. ஒரு ஏக்கர் உளுந்துக்கு 8 கிலோ விதை போதும். நிலக்கடலை என்றால் பருப்பாகவே 50 கிலோ வேண்டும். அந்த விதை முளைக்காமல் போனால் விதைக் காசு மட்டும் போகவில்லை. உழவுக் கூலி போச்சு, பெய்த மழை போச்சு, பட்டமே போச்சு. ஆனால் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் அப்படியே நிற்கும்.

நம்ம பாட்டிமார் விதையை வீட்டிலேயே வச்சிருந்தாங்க. அதை எதில் வச்சிருந்தாங்க, அந்தப் பானையும் குலுக்கையும் எப்படிச் சாக்காகவும் பையாகவும் மாறியது, அந்த மாற்றத்தில் நமக்கு வந்தது என்ன, போனது என்ன என்பதைத்தான் இந்த மலரில் எழுதியிருக்கிறேன். பெரியவங்க சொல்லிக் கேட்டதும், பயிற்சி வகுப்பில் கேட்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும் இதில் சேர்ந்திருக்கிறது.

விதை மூச்சு விடுகிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மூட்டைக்குள் இருக்கிற விதை செத்த பொருள் இல்லை. அது உயிரோடு தூங்குகிறது. தூங்கும்போதும் மெதுவாக மூச்சு விடுகிறது. ஈரத்தோடு குவித்து வச்ச நெல்லுக்குள் கையை விட்டுப் பாருங்க, சூடாக இருக்கும். ஈரம் இருந்தால் விதையின் மூச்சு வேகமாகிறது. பூஞ்சணமும் வண்டும் கூடச் சேர்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற சத்து தீர்ந்து, விதை முளைக்கிற சக்தியை இழந்துவிடும். பார்க்க நல்ல விதை மாதிரியே இருக்கும், ஆனால் முளைக்காது.

இன்னொரு குணமும் விதைக்கு உண்டு. காற்றில் ஈரம் கூடினால் விதை அதை இழுத்துக்கொள்ளும். காற்று காய்ந்தால் விதையும் காயும். சித்திரை மாசம் கடித்தால் 'கடுக்'கென்று உடைகிற பயறு, ஐப்பசி அடைமழையில் பல்லுக்கு மெத்தென்று இருக்கும். விதையைச் சுற்றி எந்தப் பொருளை வைக்கிறோம் என்பது இதனால்தான் முக்கியம்.

இதை அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற விஞ்ஞானி கணக்காகவே சொல்லியிருக்கிறார். விதையின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும்போது, ஒவ்வொரு 1 சதவீதம் குறைக்கும்போதும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதே மாதிரி இரண்டு மடங்கு ஆகிறது. நம்ம ஊரில் வெப்பத்தைக் குறைப்பது சிரமம். ஆனால் ஈரத்தைக் குறைப்பது நம்ம கையில் இருக்கிறது.

பானையும் குலுக்கையும் கோட்டையும்

விதைக்கு முதல் பை கடவுள் கொடுத்த தோல்தான். நிலக்கடலையைத் தோலோடு வச்சால் அடுத்த பட்டம் வரை தாங்கும். உடைத்துப் பருப்பாக வச்சால் சீக்கிரம் முளைப்பு குறைந்துவிடும். பருப்பில் எண்ணெய் இருப்பதால் அது காறிப்போகும். அதனால்தான் விதைக்கடலையை விதைப்புக்கு முன்னாடிதான் உடைப்பாங்க.

தோலுக்கு மேலே நம்ம முன்னோர் செய்த பைகள் பல வகை. தெற்கே மண்ணால் செய்த குலுக்கை. தஞ்சாவூர்ப் பக்கம் குதிரும் மரப் பத்தாயமும். கொல்லிமலையில் மூங்கிலும் மண்ணும் சேர்த்துக் கட்டிய தொம்பை. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் விதை நெல்லை வைக்கோலுக்குள் வைத்து, வைக்கோல் புரியால் இறுக்கிச் சுற்றி உருண்டையாகக் கட்டுவாங்க. அதுக்குக் கோட்டை என்று பெயர். நெல் அளவுக்கே 'ஒரு கோட்டை, ரெண்டு கோட்டை' என்று பெயர் வந்தது. காய்கறி விதைக்குச் சுரைக்குடுக்கை. பயறு வகைக்கு மண்பானை.

இவை எல்லாம் கொஞ்சம் காற்று போய் வருகிற பொருட்கள். காற்று போகிற இடத்தில் ஈரமும் போகும் வரும். அதுக்கு நம்ம ஆட்கள் மாற்று வேலைகள் செய்து வச்சிருந்தாங்க. பானைக்கு வெளியே சாணமும் மண்ணும் பூசினாங்க. விதையோடு அடுப்புச் சாம்பல் கலந்தாங்க. சாம்பல் ஈரத்தை இழுக்கும், விதைகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளை அடைத்து வண்டு நடமாட முடியாமல் செய்யும். துவரை விதைக்குச் செம்மண் கட்டிக் காயவச்சாங்க. வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு போட்டாங்க. சோளக்கதிரையும் பீர்க்கு, சுரை நெற்றையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாங்க. அந்தப் புகையும் சூடும் ஈரத்தையும் பூச்சியையும் விரட்டின. இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்டது. நம்ம கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது நல்லது. ஆனால் விதைக்கு இருந்த அந்தக் காய்ந்த இடம் வீட்டில் இல்லாமல் போச்சு.

அமாவாசைக்கு விதையை எடுத்து வெயில் காட்டுகிற பழக்கமும் பல ஊர்களில் உண்டு. மாசத்துக்கு ஒரு தடவை மறக்காமல் விதையைப் பார்க்க அது ஒரு நாள் குறிப்பு. இழுத்த ஈரம் அன்றைக்குப் போய்விடும்.

அம்மன் கோயில் முளைப்பாரியையும் இங்கே சொல்லணும். ஓட்டிலும் சட்டியிலும் எருப் போட்டு, நவதானியம் விதைத்து, இருட்டில் வச்சுத் தண்ணீர் தெளித்து வளர்க்கிறோம். அது பெண்கள் செய்கிற வேலை. யார் வீட்டு விதை நல்லா முளைக்குது என்று விதைப்புக்கு முன்னாடியே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பெரியவங்க சொல்வாங்க. விதையை எடுத்துவைப்பதும் அதைச் சோதிப்பதும் நம்ம கையில்தான் இருந்திருக்கிறது.

சாக்கு வந்தது

1855-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ரா என்ற இடத்தில் முதல் சணல் ஆலை ஆரம்பித்தது. அதுக்குப் பிறகு ஆலைச் சாக்கு நாடு முழுக்கப் பரவியது. தானியத்தை வண்டியில் ஏற்றவும் சந்தைக்குக் கொண்டுபோகவும் சாக்கு ரொம்ப வசதி. குலுக்கையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? சாக்கை முடியும்.

ஆனால் சாக்கு வெறும் நெய்த துணிதான். அதில் காற்றும் ஈரமும் தாராளமாகப் போய் வரும். வண்டு உள்ளே நுழையும், பழைய சாக்கின் இழைக்குள் முட்டையும் புழுவும் ஒளிந்திருக்கும். காய்ந்த காலத்தில் சாக்கு நல்லது. தை, மாசியில் அறுத்த சம்பா நெல்லைச் சாக்கில் கட்டி வச்சால், நடுவில் கோடைதான் வருகிறது. ஆடி, ஆவணியில் எடுத்து விதைக்கலாம். குறுவை அப்படி இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் அறுத்தால் அடுத்த வைகாசி, ஆனி வரை வைக்கணும். நடுவில் வடகிழக்குப் பருவமழை முழுசாக வருது. ஒரே நெல், ஒரே சாக்கு, ஆனால் குறுவை விதையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

நீல அட்டையும் இரண்டு எண்களும்

1960-கள் வரை பெரும்பாலும் விதை வீட்டில் இருந்தது, இல்லை என்றால் பக்கத்து வீட்டில் இருந்தது. அதுக்குப் பிறகு ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 மாதிரி புது ரகங்கள் வந்தன. அந்த விதை எங்கேயோ விளைந்து நம்ம ஊருக்குப் பயணம் செய்து வரணும். 1963-ல் தேசிய விதைக் கழகம் ஏற்பட்டது. 1966-ல் விதைச் சட்டம் வந்தது. வாங்குகிறவருக்கு விதை விளைந்த வயல் தெரியாது, விளைவித்த ஆளையும் தெரியாது. அதனால் பையின் மேல் எழுத்து வேண்டியதாச்சு. என்ன ரகம், முளைப்பு எத்தனை சதவீதம், எப்போது சோதித்தது, எதுவரை செல்லும் என்று அட்டையில் போடணும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை.

இந்தச் சான்று விதிகளில் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. விதையில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஒரே பயிருக்கு இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறாங்க. முதல் எண், காற்று போய் வருகிற சாதாரண சாக்குக்கு. இரண்டாவது எண், ஈரக்காற்றே புகாமல் மூடிய பைக்கு அல்லது டின்னுக்கு.

நெல்லுக்கு 13 சதவீதம், மூடிய பை என்றால் 8.
உளுந்து, பாசிப்பயறுக்கு 9, மூடிய பை என்றால் 8.
நிலக்கடலைக்கு 9, மூடிய பை என்றால் 5.
வெண்டைக்கு 10, மூடிய பை என்றால் 8.
மிளகாய், கத்தரி, தக்காளிக்கு 8, மூடிய பை என்றால் 6.

பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். நல்ல பைக்குள் போவதற்கு ஏன் இன்னும் அதிகமாகக் காயணும்? காரணம் இதுதான். சாக்கில் இருக்கிற ஈரம் வெயில் காலத்தில் வெளியே போக வழி இருக்கு. மூடிய பையில் வழியே இல்லை. உள்ளே எந்த நிலையில் வைத்தோமோ அதே நிலையைத்தான் அந்தப் பை காக்கும். காய்ந்த விதையை வச்சால் காய்ச்சலைக் காக்கும். ஈரமான விதையை வச்சால் ஈரத்தையும் விடாமல் காக்கும், விதை வெந்த மாதிரி ஆகிவிடும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

பிளாஸ்டிக் வந்த பிறகு

1933-ல் இங்கிலாந்தில் ஒரு ஆலையில் வேறு ஏதோ சோதனை செய்தபோது எதிர்பாராமல் கிடைத்த பொருள்தான் பாலித்தீன். இப்போது நம்ம வீட்டில் அது இல்லாத மூலை இல்லை. ஆனால் எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்று இல்லை. அரிசி, உரம் வருகிற நெய்த பிளாஸ்டிக் சாக்கு பார்க்க பிளாஸ்டிக்காக இருந்தாலும், உள்ளே தாள் இல்லை என்றால் நெய்த இடைவெளியில் ஈரக்காற்று போகும், அதுவும் கோணிச்சாக்கு மாதிரிதான். மெல்லிய கேரி பையும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. கனமான பாலித்தீன் பை நல்லாத் தடுக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய பையும், மூடி இறுக்கமான டின்னும், கண்ணாடி பாட்டிலும் அதைவிட நல்லாத் தடுக்கும். கடையில் காய்கறி விதை பளபளவென்று சின்னப் பையில் வருதே, அந்த அலுமினியத் தாள் அழகுக்கு இல்லை, ஈரம் புகாமல் இருக்கத்தான். அந்தப் பையைப் பிரித்து மீதி விதையை அப்படியே மடித்து வச்சால், பிரித்த அன்றோடு அந்தக் காப்பு முடிந்தது.

எங்க ஊரில் ஒரு மதினி நல்ல நாட்டுக் கத்தரிக்காயைப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி, ஒரு பொழுது நிழலில் காயவச்சு, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிட்டாங்க. நாலு நாளில் கவருக்குள் வேர்த்துப்போச்சு. விதை முழுக்க பூஞ்சணம். அதே விதையை வெறும் துணியில் முடிஞ்சு வச்சிருந்தால்கூட பாதியாவது பிழைத்திருக்கும். இன்னொரு அக்கா, உரம் வந்த சாக்கை உதறிவிட்டு அதில் உளுந்து விதை வச்சாங்க. உர உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிற பொருள், விதையைச் சுடவும் செய்யும். மருந்து வந்த பையும் உர மூட்டையும் விதைக்கு ஆகவே ஆகாது.

பிளாஸ்டிக்கால் நன்மை வந்த கதையும் உண்டு. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறு முழுக்க வண்டு தின்று, விவசாயிகள் அறுத்த உடனே கிடைத்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தாங்க. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகமும் அந்த நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து மூன்று அடுக்குப் பை ஒன்றை உண்டாக்கினாங்க. உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் பை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வொரு பையையும் தனித்தனியாக முறுக்கிக் கட்டணும். உள்ளே இருக்கிற வண்டு இருக்கிற பிராணவாயுவை மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும், பிறகு தின்னவும் முடியாது, பெருகவும் முடியாது. மருந்தே தேவையில்லை. விலை ஏறும்வரை பயறை வைத்திருக்க ஏழை விவசாயிக்கு அது வழி செய்தது. ஆனால் அதிலும் முதல் விதி ஒன்றுதான், நல்லாக் காய்ந்த பயறை மட்டும் போடணும்.

விதையைக் காத்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தை ஜெர்மன் படை 1941 முதல் 1944 வரை சுற்றி வளைத்தது. அங்கே வாவிலோவ் என்ற விஞ்ஞானி உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த விதைகள் ஒரு நிலையத்தில் இருந்தன. எலி கடிக்காமல் இருக்க விதைகளை உலோகப் பெட்டிகளில் வச்சிருந்தாங்க. ஊரே பட்டினி. நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் பசியால் செத்தாங்க. நெல்லுக்குப் பொறுப்பாக இருந்த இவானோவ், சுற்றிலும் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருக்க, அதைத் தொடாமல் செத்தார். ஓட்ஸ் விதைக்குப் பொறுப்பாக இருந்த ரோதினா என்ற பெண்ணும் அப்படியே பட்டினியால் செத்தார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நார்வே நாட்டில் பனிமலைக்குள் ஸ்வால்பார்டு என்ற இடத்தில் 2008 பிப்ரவரி 26-ல் உலக விதைக் கிடங்கு திறந்தாங்க. நல்லாக் காயவைத்த விதையை அலுமினியத் தாள் பையில் அடைத்து மைனஸ் 18 டிகிரி குளிரில் வைக்கிறாங்க. சிரியா நாட்டில் போர் வந்து அங்கிருந்த விதை நிலையத்தில் வேலை செய்ய முடியாமல் போனபோது, 2015-ல் இந்தக் கிடங்கிலிருந்து விதையைத் திரும்ப எடுத்து வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கினாங்க. நம்ம டெல்லியிலும் தேசிய மரபணு வங்கியில் இதே மாதிரி அலுமினியத் தாள் பையில், மைனஸ் 18 டிகிரியில் விதைகளைக் காக்கிறாங்க.

இதெல்லாம் பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் ராஹிபாய் போபரே என்ற ஆதிவாசிப் பெண் பள்ளிக்கூடமே போகாதவர். நாட்டு விதைகளைத் தன் மண் வீட்டில் சேர்த்துவைத்துப் பெருக்கி மற்ற பெண்களுக்கும் கொடுத்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தாங்க. தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் சங்கத்துப் பெண்கள் சாணமும் மண்ணும் பூசிய கூடைகளில் சாம்பலும் வேப்பிலையும் போட்டுச் சிறுதானிய விதைகளைக் காத்துவருகிறாங்க. அவங்களும் நம்மை மாதிரி குழுப் பெண்கள்தான்.

நம்ம குழு என்ன செய்யலாம்

இந்தக் கதையில் பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது என்று சொல்ல ஒன்றும் இல்லை. பானையும் தெரிந்துதான் வச்சாங்க, பையும் தெரிந்து வச்சால் நல்லதுதான். நம்ம வீட்டுக்கு ஏற்ற மாதிரி சிலது சொல்கிறேன்.

நெல், பயறு மாதிரி நிறைய இருக்கிற விதையை வெயிலில் 8 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நம்ம வீட்டில் கஷ்டம். அதனால் நல்லாக் காயவச்சு, புதிய கோணிச்சாக்கிலோ துணிப்பையிலோ கட்டி, தரையில் படாமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கலாம். காலையிலும் சாயங்காலமும் வெயில் காட்டணும், உச்சி வெயிலில் வேண்டாம். மழைக்காலத்தில் வெயில் வந்த நாளில் எடுத்து மறுபடி காயவைக்கணும். பழைய சாக்காக இருந்தால் கொதிநீரில் முக்கி, நல்லாக் காயவச்சுப் பயன்படுத்தணும்.

காய்கறி, கீரை விதை கொஞ்சமாகத்தான் இருக்கும். அதைக் கடக் என்று காயவச்சு, கண்ணாடி பாட்டிலில் போட்டு, வறுத்து ஆறவச்ச அரிசியை ஒரு துணியில் முடிஞ்சு கூடவே போட்டு இறுக்கி மூடலாம். அரிசி மீதி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே பெயரும் மாசமும் எழுதி ஒட்டுங்க.

காய்ந்திருக்கா என்று தெரிய, நல்ல காய்ந்த கண்ணாடி பாட்டிலில் காய்ந்த தூள் உப்பையும் கொஞ்சம் விதையையும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்க. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் இன்னும் நிறைய ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஒட்டவில்லை என்றாலும் மூடிய பையில் போட அது மட்டும் போதாது, கடித்துப் பார்த்து இன்னும் ரெண்டு நாள் காயவைங்க.

மா, பலாக் கொட்டையைக் காயவைக்கவே கூடாது, காய்ந்தால் செத்துவிடும். வேப்பங்கொட்டையும் ரொம்ப நாள் தாங்காது. அவற்றை எடுத்த சூட்டோடு நாற்று போட்டுவிட வேண்டும்.

விதைப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி 100 விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி வைங்க. துணி காயாமல் தண்ணீர் தெளிங்க. ஒரு வாரத்தில் எத்தனை நல்ல முளை என்று எண்ணுங்க. நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, மிளகாய்க்கு 60 இருந்தால் சான்று விதைக்கு உரிய அளவு. அதுக்குக் கீழே இருந்தால் கடன் வாங்கி உழுவதற்கு முன்னாடியே தெரிந்துவிடும்.

இதைக் குழுவாகவே செய்யலாம் என்பது என் யோசனை. அடுத்த விதைப்புக்கு முந்தின கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு விதையில் 100 எண்ணிக் கொண்டுவரணும். சாக்கு, பானை, பாட்டில், கவர் என்று எதில் வச்சிருந்தோம் என்பதைத் தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதுவோம். எத்தனை முளைத்தது என்பதையும் அதற்கு நேரே எழுதுவோம். ரெண்டு மூணு வருஷத்தில் நம்ம மண்ணுக்கும் மழைக்கும் எந்தப் பை ஏற்றது என்று நம்ம நோட்டே சொல்லிவிடும். அந்த நோட்டோடு அடுத்த விழா மலருக்கு வேறு ஒரு தங்கச்சி இந்தக் கதையைத் தொடர்ந்து எழுதட்டும்.